ஒளிவிழாவுக்கு முன் ஒன்பது கிற்றார்கள்

கடந்த கார்த்திகை மாதத்தில், கிறிஸ்மஸை ஒட்டி நடக்கும் ஒளிவிழா ஒன்றில் வாசிப்பதற்காக நாங்கள் ஒன்பது பேர் யாழ்ப்பாணத்தில் ஒரு பங்கு மண்டபத்தில் ஞாயிறு தோறும் கூடிக் கிற்றார் ஒத்திகை பார்த்தோம். ஒன்பது பேரும் நான்கு பகுதிகளாகப் பிரிந்திருந்தோம். முதற்பகுதிக்கு மெட்டு, நான்காம் பகுதிக்குத் தடித்த தந்திகளில் வரும் அடிச்சுரங்கள்.

மாரிகாலத்தில் சுருதி சேர்ப்பதற்கே முதல் அரைமணி நேரம் போய்விடும். கிற்றாருக்கு ஆறு வீதம் 54 தந்திகள் ஒன்றோடொன்று இசைய வேண்டும். புதிய நைலோன் தந்தி சில நாட்கள் இழுபட்ட பின்னரே ஓரிடத்தில் நிற்கும் என்பதால், விழாவுக்கு முந்திய நாள் ஒருவரும் தந்தி மாற்றக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தோம். சுருதி கூடிவிட்ட தந்தியைச் சரியான இடம் வரை மட்டும் தளர்த்தி விட்டுவிடாமல், அதற்கும் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்த வேண்டும் என்பதையும் சிறியவர்களுக்குப் பழக்கினோம். அப்படிச் செய்யாவிட்டால் பாதிப் பாட்டில் தந்தி மறுபடி நழுவிவிடும்.

ஆனால் எங்களை உண்மையில் வருத்தியது காலப்பிரமாணமே. வயலினில் வில் படியும்போது ஒலி மெல்ல எழும்பலாம்; கிற்றாரிலோ நகம் தந்தியை விட்ட கணத்திலேயே ஒலி உச்சத்தைத் தொட்டு, உடனே தேயத் தொடங்கிவிடும். ஆகவே இருவர் இம்மியளவு பிசகினாலும் ஒரு சுரம் இரண்டாகக் கேட்கும். மூன்று எண்ணிக்கையில் செல்லும் ஒரு கரோல் பாடல், எங்களுள் சங்கீதம் படித்தவர்கள் அதை ரூபக தாளமாகப் போட்டுக் காட்டிய பிறகு ஓரளவு கட்டுக்குள் வந்தது. அப்போதும் நான்காம் பகுதி மட்டும் பிந்தியே விழுந்தது.

அந்தப் பகுதியை வாசித்த தம்பி பாடசாலை மாணவர்; வரிசையின் கடைசிக் கதிரையில் இருந்தார். நான் மறு அந்தத்தில், முதற்பகுதியில் இருந்தேன். இரண்டு ஞாயிறுகள் அவரைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

“தம்பி, நீர் பிந்தி வாறீர். மனசுக்குள்ள எண்ணி வாசியும்.”

“அண்ணை, உங்கட வாசிப்பு எனக்குக் கேக்கிற நேரத்துக்குத்தான் நான் வாசிக்கிறன்.”

அதை நான் ஒரு சாட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு பெரு மழை. கூரைத் தகட்டில் மழை விழுந்த ஓசையில் பக்கத்திலிருப்பவரின் கிற்றாரே கேட்கவில்லை. ஒத்திகையைக் கைவிட மனமின்றி, கதிரைகளை முழங்கால்கள் முட்டுமளவுக்கு இழுத்து, பிறை வடிவில் நெருங்கி அமர்ந்தோம். தற்செயலாகத் தம்பி எனக்கு நேர் எதிரே வந்துவிட்டார். அன்று முதல் தட்டிலேயே ஒன்பது கிற்றார்களும் ஒன்றாய் விழுந்தன. நாங்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தோம்.

பிறகுதான் காரணம் விளங்கியது. கிற்றாரின் ஒலி பெரும்பாலும் அதன் முகப்பலகையிலிருந்து முன்னோக்கியே செல்கிறது. வரிசையில் பக்கவாட்டில் இருப்பவருக்கு அது நேராகப் போய்ச் சேர்வது குறைவு. கடைசிக் கதிரையில் இருந்தவருக்குத் தெளிவாகக் கேட்டது மண்டபத்தின் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய ஒலியே. ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 345 மீற்றர் செல்லும். சுவர் 15 மீற்றர் தள்ளி இருந்தால், போய்வரும் 30 மீற்றருக்குச் செக்கனில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகிவிடும். தந்தி வாத்தியத்தில் அது பெரிய இடைவெளி. எங்களில் மிகக் கவனமாகக் கேட்டு வாசித்தவர் அவர்தான். அவ்வளவு கவனமாகக் கேட்டதாலேயே பிந்தினார். அன்றே எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் அந்த இரண்டு ஞாயிறுகளை நினைத்தால் மனம் வலிக்கிறது.

விழாவன்று மேடையில் எங்களுக்காகக் கதிரைகள் நேர்வரிசையில் போடப்பட்டிருந்தன. ஓரத்தில் இருப்பவர்களின் முகம் சபைக்குச் சரியாகத் தெரியாது என்று ஏற்பாட்டாளர்கள் தயங்கினாலும், விடயத்தை விளக்கிச் சொன்னதும் பிறைவடிவுக்கு இணங்கினார்கள். வழிநடத்துநர் இல்லாத குழுவில் யாராவது ஒருவர் கிற்றாரின் கழுத்தைச் சற்று உயர்த்தி, மூச்செடுத்துத் தொடக்கம் காட்ட வேண்டும். அதுவரை நான் செய்துவந்த அந்த வேலையை அன்று தம்பியிடம் கொடுத்தேன். அவர் மூச்செடுத்தார், நாங்கள் எட்டுப் பேரும் அவரைப் பார்த்தே தொடங்கினோம்.