விண்டோஸில் வரும் படங்கள் லினக்ஸ் சர்வரில் வரவில்லை

வணக்கம். என் விண்டோஸ் கணினியில் ஒழுங்காக ஓடும் இணையச் செயலி, லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் பாதிப் படங்களையும் சில ஸ்கிரிப்ட் கோப்புகளையும் தொலைத்துவிடுகிறது. பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் 404 (கோப்பு கிடைக்கவில்லை) பிழை வரிசைகட்டி நிற்கிறது.

காரணம் தெரிகிறது. ‘இமேஜஸ்’ என்ற கோப்புறையின் ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. ஸ்டைல் கோப்பில் உள்ள முகவரியிலோ அது சிறிய எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், லினக்ஸுக்கு வேறு வேறு. டொமைன் பெயரை எப்படி எழுதினாலும் திறக்கிறது. அதற்குப் பின்வரும் பாதையில்தான் இவ்வளவு கறார்.

கோப்புறைப் பெயரைத் திருத்தினால், எதுவுமே மாறவில்லை என்று, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் சாதித்தது. பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத அதன் ‘கோர்.இக்னோர்கேஸ்’ அமைப்பு விண்டோஸில் இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதால் வந்த வினை. ‘கிட் எம்வி’ கட்டளையால் முதலில் ஒரு தற்காலிகப் பெயர், பிறகு சரியான பெயர் என்று மாற்றியதும் வழிக்கு வந்தது.

இப்படி ஒவ்வொன்றாகத் துரத்த முடியாது. பில்ட் செய்யும்போதே, அதாவது சர்வரில் ஏற்றச் செயலியைத் தயாராக்கும்போதே, எல்லாப் பொருந்தாத பெயர்களையும் பிடித்துத் தரும் கருவி ஏதும் உண்டா? சில முகவரிகள் ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போதுதான் உருவாகின்றன. சாதாரணத் தேடலில் அவை சிக்குவதில்லை.

எங்கள் சர்வர் மென்பொருளான அப்பாச்சியில், முகவரியின் எழுத்து வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு சரியான கோப்புக்குத் திருப்பிவிடும் ‘மாட்_ஸ்பெலிங்’ தொகுதியை இயக்கிவிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து தடவுவதுபோல் எனக்குப் படுகிறது. பயன்பாட்டில் உள்ள தளத்தில் அதை வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வேகம் குறைகிறதா?