கேள்வி கேட்டபின் 3 விநாடியா, 10 விநாடியா?

செம்பனை மேடு: "தோட்டத்துப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது நேர விரயம்" என்று பழைய கரும்பலகை ஐயா நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவத்துக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) பொருளியல் நடத்துகிறேன். முன்பெல்லாம் அளிப்பு நெகிழ்ச்சிப் பாடத்தில், அதாவது விலை மாறும்போது விற்பனைக்கு வரும் அளவு எவ்வளவு மாறுகிறது என்ற பாடத்தில், நானே பேசி முடிப்பேன். இந்தத் தவணையில், "ரப்பர் விலை ஏறினால் தோட்டம் உடனே கூடுதல் பால் தருமா?" என்று கேட்டுவிட்டு 10 விநாடி வாய்மூடி நின்றேன். அதன்பின் பக்கத்தில் இருப்பவரோடு பேச 2 நிமிடம், பிறகு வகுப்பு முழுவதற்கும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் பிராங்க் லைமன் 1981இல் எழுதிய முறைதான். ஆனால் 8ஆவது விநாடியிலேயே, பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்த பின்வரிசை மாணவி, "ரப்பர் கன்று வளர்ந்து பால் வெட்டுக்கு வர ஆறு வருடம் ஆகும் சார், இலை உதிரும் மாதத்தில் பாலும் குறையும்" என்றாள். அவள் தந்தை ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். குறுகிய கால அளிப்பு ஏன் நெகிழ்ச்சியற்றது என்பது, நான் வரைபடம் போடுமுன்பே வகுப்புக்கு விளங்கிவிட்டது.

பழைய கரும்பலகை: 10 விநாடி என்று எந்த ஆய்வில் கண்டீர்கள், தம்பி? அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் சொன்னது 3 விநாடி. அதுவும் பெரும்பாலும் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்து. 28 ஆண்டுகள் கற்பித்தவன் நான். என்னிடம் படித்து மருத்துவரானவர்கள் எவரும் நான் வாய்மூடி நின்றதால் முன்னேறவில்லை. மேலும், தேர்வு மலாய்மொழியில் இருக்க, அந்த மாணவி தமிழில் பதில் சொல்லி என்ன பயன்?

செம்பனை மேடு: ரோ சொன்னது 3 விநாடியோ அதற்கு மேலோ. ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிகூடப் பொறுப்பதில்லை என்று அவர் கண்டதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மலாயில் கேட்டதைத் தமிழில் யோசித்து, மறுபடி மலாயில் எழுத வேண்டிய பிள்ளைக்கு 3 விநாடி எப்படிப் போதும்? 12 கேள்விக்கு 10 விநாடி என்றாலும் மொத்தம் 2 நிமிடம்தான். நீங்கள் வருகைப் பதிவுக்கே அதைவிட அதிகம் எடுப்பீர்கள். அறிவியல், பொறியியல், கணிதத்தில் நடந்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014இல் தொகுத்தது. விரிவுரை மட்டும் கேட்டவர்களில் சுமார் 34 விழுக்காட்டினர் தோற்றார்கள். பங்கேற்புள்ள வகுப்புகளில் சுமார் 22 விழுக்காட்டினர்.

மூன்றாம் வரிசை: ஐயா, நான் உங்கள் மாணவிதான். தோட்டத்தில் காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதுபோல் எழுப்பி நிறுத்துவீர்கள். பதில் நாக்கில் இருக்கும்போதே அடுத்தவரைக் கூப்பிடுவீர்கள். சென்ற ஆண்டுப் பயிலரங்கிலும் என் கேள்வி பாதியில் இருக்கும்போதே ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டீர்கள்.

பழைய கரும்பலகை: ஒலிவாங்கியை வாங்கியவர் ஏற்பாட்டாளர், நான் அல்லன். அந்தப் பழங்கதை இங்கு வேண்டாம், அம்மா. ஃப்ரீமன் தொகுப்பில் பொருளியல் இல்லை என்பதைத் தம்பியே எழுதிவிட்டார். என் கேள்வி ஒன்றுதான்: ரோ 10 என்று எங்கே சொன்னார்?

செம்பனை மேடு: சொன்னார் என்று நான் எழுதவே இல்லை. 10 என் வகுப்பில் நான் கண்டது. வியாழக்கிழமை காலை கைக்கடிகாரத்தோடு வந்து பின்வரிசையில் உட்காருங்கள், ஐயா.

பழைய கரும்பலகை: வருவதற்கில்லை. முதலில் 10ஐ 3 என்று திருத்துங்கள்.

மூன்றாம் வரிசை: ஒலிவாங்கி உங்கள் கையில்தான் இருந்தது, ஐயா.