அக்லோமரேட், அக்ரிகேட்: இரண்டுக்கும் ஒரே 'திரள்' போதுமா?

நண்பர்களே, வெள்ளிக்கிழமைக்குள் நானோமருத்துவப் பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தாக வேண்டும். அக்லோமரேட் என்பது வான் டெர் வால்ஸ் போன்ற மெல்லிய விசையால் துகள்கள் கூடி நிற்பது. நன்றாகக் கலக்கினால் பிரியக்கூடும். அக்ரிகேட்டில் துகள்கள் உருகியோ வேதிப்பிணைப்பாலோ ஒன்றாகிவிடுகின்றன, மொத்த மேற்பரப்பும் குறைந்துவிடும். மருந்தைப் பல நேரம் அந்த மேற்பரப்பில்தானே ஏற்றி அனுப்புகிறோம்? கையிலுள்ள அகராதியோ இரண்டையும் 'திரள்' என்கிறது.

---

அம்மா, வீட்டில் புழங்கும் 'கட்டி தட்டுதல்' இருக்கிறதே! வகுப்பில் தங்கக் கூழ்மத்தில், அதாவது மிக நுண்ணிய தங்கத் துகள்கள் பரவி நிற்கும் நீரில், உப்புக் கரைசல் விட்டுக் காட்டுவேன். 1857இல் ஃபாரடே கண்டதுதான்: செக்கச்செவேலென்று இருந்தது கண்ணெதிரே நீலமாகும். துகள்களை விலக்கி வைத்திருந்த மின்சுமையை உப்பு மறைத்துவிட, அவை நெருங்கிக் கூடிவிடுகின்றன. "கட்டிக்கிச்சு சார்" என்று மாணவர்களே சொன்னார்கள். அக்ரிகேட்டுக்குக் 'கட்டி' என்றே வையுங்கள்.

---

ஐயா, மருத்துவப் பாடத்தில் கட்டி என்றால் புற்றுநோய்க் கட்டி. 'கட்டிக்குள் கட்டி சென்றது' என்றால் படிப்பவர் என்ன செய்வார்? புறநானூறு 28ஆம் பாட்டில் 'உறுப்பில் பிண்டம்' வருகிறது, உருவமற்ற திரட்சி, அதை எடுக்கலாம். அதே பாட்டில் 'கூனும் குறளும்' என்றும் வருகிறது பாருங்கள், இங்கே குறள் என்றால் குள்ளன். நானோ என்ற கிரேக்க வேருக்கும் குள்ளன் என்றுதான் பொருள். ஆகவே நானோதுகளுக்கு, குறள் + துகள் = குறட்டுகள். கடன்சொல்லே வேண்டாமே.

---

புணர்ச்சி சரிதான், ஆனால் 'குறட்டுகள்' என்று எழுதினால் குறடுகளின் எழுத்துப்பிழை என்றே படிப்பார்கள். 'நுண்' ஏற்கெனவே மைக்ரோவுக்குப் போய்விட்டது, ஆகவே நானோ இருக்கட்டும். பிண்டம் வடசொல், அதைவிடப் பெரிய தடை, கேட்டதும் நீத்தார் கடன்தான் நினைவுக்கு வருகிறது. என் பரிந்துரை: அக்லோமரேட்டுக்கு ஒட்டுதிரள், அக்ரிகேட்டுக்குப் பிணைதிரள். இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய் போல, அதனால் நடுவில் வல்லினம் மிகாது. பிணைந்த, பிணைகின்ற, பிணையும் என்று முக்காலத்துக்கும் பொருந்தும்.

---

எல்லோருக்கும் நன்றி. மூன்று பேர் ஆமோதித்திருக்கிறீர்கள், நேரமும் இல்லை. ஒட்டுதிரள், பிணைதிரள் என்றே போட்டு, முதல் முறை வரும் இடத்தில் விளக்கமும் எழுதிவிடுகிறேன்.

---

சரி, கொடுத்துவிடுங்கள். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. ஒட்டிக்கொண்டது என்றால் இனி பிரியாது என்றுதான் என் மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நீங்களோ பிரியக்கூடியதற்கு அந்தச் சொல்லை வைத்திருக்கிறீர்கள்.