பொருந்தாத மீனைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி (பதிவர்: கண்ணாடிக்கு இந்தப்பக்கம்)

வண்ணமீன் கடை ஒன்றில் நான் விற்பனையாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சிறு வயதிலிருந்தே தொட்டி வைத்து வளர்த்தவன் என்பதால் மீன்களைப் பார்த்துக்கொள்வதில் எனக்குச் சிரமம் எதுவும் இல்லை. சிரமமெல்லாம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களிடம்தான்.

சென்ற மாதம் ஒரு குடும்பத்தினர் வந்து, இரண்டடித் தொட்டி, ஃபில்டர், கூழாங்கல் ஆகியவற்றோடு அன்றைக்கே பத்து மீன்களையும் வாங்கிச் சென்றார்கள்: கோல்டு ஃபிஷ் இரண்டு, ஏஞ்சல் ஒன்று, நியான் டெட்ரா ஆறு, தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று அவர்களாகவே கேட்டு எடுத்த சக்கர் ஒன்று. இந்தச் சேர்க்கை சரிப்படாது என்று எனக்குத் தெரியும். ஆனால் குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தபோது, குறுக்கே நின்று பாடம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. எட்டாவது நாள் அந்தத் தந்தை செத்துப்போன நான்கு நியான்களையும் ஏஞ்சலையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்து, நோய் பிடித்த மீன்களை விற்றுவிட்டதாகச் சத்தம் போட்டார். அதே வரவில் வந்த மீன்கள் எங்கள் தொட்டியில் நலமாக நீந்திக்கொண்டிருந்தன. பையில் இருந்த அவருடைய தொட்டித் தண்ணீரைச் சோதித்தபோது, டெஸ்ட் கிட்டில் அம்மோனியா கரும்பச்சையாக, அதாவது மீனுக்கு ஆபத்தான அளவில், வந்தது. காரணத்தை விளக்கிச் சொன்னேன். "இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா?" என்று ஒரே கேள்வி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன். வாடிக்கையாளரிடம் முதலில் எதை விசாரிக்க வேண்டும்? எந்த இடத்தில் விற்க மறுக்கலாம்? நான் மறுத்தால் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்று முதலாளி சொல்கிறார், அதுவும் பொய்யில்லை.

மறுமொழி (பதிவர்: பழைய ஸ்பாஞ்சு)

தம்பி, இருபது ஆண்டுகளாகக் கடை நடத்துகிறேன். உங்களிடம் வந்தது போன்ற பிளாஸ்டிக் பைகள் என் மேசைக்கும் நிறைய வந்திருக்கின்றன. கடைக்குள் நுழைந்தவரிடம் "எந்த மீன் வேண்டும்?" என்று கேட்கும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். "தொட்டியில் தண்ணீர் நிரப்பி எத்தனை நாள் ஆகிறது?" என்பதே என் முதல் கேள்வி. அதற்கு வரும் பதிலிலேயே பாதி ஆலோசனை முடிந்துவிடும்.

மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது என்பதும், அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும் வேறொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன என்பதும், முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு என்பதும் உங்களுக்குத் தெரிந்தவைதான். அந்த பாக்டீரியா புதுத் தொட்டியின் ஃபில்டரில் போதிய அளவு குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். வாடிக்கையாளரிடம் இதையெல்லாம் வேதியியல் பாடமாகச் சொன்னால் காதில் ஏறாது. நான் இப்படிச் சொல்வேன்: "மீன் தன் கழிப்பறையிலேயேதான் குடியிருக்கிறது, அதைக் கழுவும் ஆட்கள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், அவர்கள் இன்னும் வேலைக்கு வந்து சேரவில்லை." சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள், வீட்டுக்குப் போன பிறகும் மறக்க மாட்டார்கள்.

அடுத்தது தொட்டியின் அளவு. எத்தனை லிட்டர் என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. கையை விரித்துக் காட்டுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். 60 × 30 × 30 என்றால் 54 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக நீந்துவதற்கு 45 லிட்டர் மிஞ்சினால் அதிகம். அதன் பிறகு, உள்ளே ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பேன். தண்ணீர் கடினமானதா மென்மையானதா, குளோரின் கலந்து வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்வேன். உப்புப் படியும் கடின நீர் உள்ள வீட்டுக்கு மோலியும் கப்பியும் சுகமாகப் பொருந்தும். அங்கே நியானைக் கொடுத்துவிட்டு, "அமிலத்தன்மையைக் குறைக்கும், கூட்டும்" என்று மருந்துப் புட்டிகளையும் சேர்த்து விற்பது யாருக்கும் நன்மை தராது.

மறுப்பதைப் பொறுத்தவரை, "தர மாட்டேன்" என்ற சொல்லை நான் அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. ஆஸ்கர் குஞ்சுகள் இருக்கும் தொட்டியின் முன்கண்ணாடியில் 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு விரல் அகலமுள்ள குஞ்சு அந்த நாடாவின் கீழே நீந்திக்கொண்டிருக்கும். "இது என்ன கோடு?" என்று வாடிக்கையாளர்களே கேட்பார்கள். "ஓராண்டில் ஏறக்குறைய இந்த நீளத்துக்கு வந்துவிடும்" என்று சொன்னதும், தங்கள் வீட்டுத் தொட்டியின் அகலத்தை மனத்துக்குள் அளந்து பார்ப்பது முகத்திலேயே தெரியும். சக்கர் தொட்டியிலும் ஒரு நாடா உண்டு. அது கண்ணாடியின் ஓரத்தைத் தாண்டிச் சுவரிலும் தொடர்கிறது.

உங்கள் முதலாளியின் கவலைக்கும் ஒரு விடை இருக்கிறது. தொட்டியை இன்று விற்று, மூன்று வாரம் கழித்து ஒரு புட்டியில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். சோதித்துச் சரியாக இருந்தால், உறுதியான சிறு மீன்களில் நான்கைந்தை மட்டும் முதலில் கொடுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அந்த மனிதர் உங்கள் கடைக்கு ஐந்து முறை வருவார். எல்லா மீனும் செத்துப்போனவர் ஒரே ஒரு முறைதான் வருவார், அதுவும் பையோடு.

மறுமொழி (பதிவர்: ஷார்க் வளர்த்தவன்)

நான் கடைக்காரன் அல்லன். ஆலோசனை கிடைக்காமல் போன வாடிக்கையாளன். ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில், வெள்ளி போல் மின்னிய இரண்டு மீன்களை "ஷார்க்" என்ற பெயரில் வாங்கினேன். சுறாவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை, அது ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடிய பங்கேசியஸ் கெளுத்தி, உணவுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் மீன் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. எவ்வளவு பெரிதாகும் என்று அன்றே கேட்டேன். "தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் வளரும்" என்று பதில் வந்தது.

நண்பரே, நீங்கள் வேறு எதைச் சொன்னாலும் சொல்லுங்கள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். மீன் தொட்டியைப் பார்த்துத் தன்னைச் சுருக்கிக்கொள்வதில்லை. நெரிசலும் கழிவு சேர்ந்த நீரும் அதன் வளர்ச்சியைக் கெடுக்கின்றன. உடல் குறுகி, ஆயுளும் குறைகிறது. என்னுடையவை குறுகவும் இல்லை. மிரளும் சுபாவமுள்ள அந்த மீன்கள், இரவில் விளக்கைப் போட்டால் போதும், கண்ணாடியில் மூக்கை மோதிக்கொள்ளும். மூக்கின் தோல் உரிந்து வெண்மையாகத் தெரியும்.

இரண்டாம் ஆண்டில் அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏரியில் விட்டுவிடுங்கள் என்று பலர் யோசனை சொன்னார்கள். தொட்டிகளிலிருந்து வெளியே விடப்பட்ட சக்கர் மீன்கள் பல நாடுகளின் நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்து, கரைகளைக் குடைந்து கெடுப்பதைப் படித்திருந்ததால் நான் அதற்கு உடன்படவில்லை. பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருந்த ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க நான்கு மாதங்கள் ஆயின. வளர்ந்துவிட்ட மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் கடையில் இருந்தால், அதை விற்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி (பதிவர்: நீர்ப்பாசி)

பழைய ஸ்பாஞ்சு ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். தொட்டியை மூன்று வாரம் வெறுமனே ஓடவிட்டால் பாக்டீரியா வளராது, ஏனென்றால் அவற்றுக்கு உணவாக அம்மோனியா வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் நாள்தோறும் ஒரு சிட்டிகை தீவனத்தையாவது போட்டு அழுகவிட வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அந்த "உறுதியான நான்கைந்து மீன்கள்" பலிகடா ஆகிவிடும்.

இதைவிடச் சிறந்த வழி ஒன்று ஐயாவின் புனைபெயரிலேயே இருக்கிறது. நோயில்லாமல் மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஃபில்டரில், பாக்டீரியா குடியேறியிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி, அந்தத் தொட்டியின் தண்ணீரிலேயே நனைத்துப் பையில் போட்டுக் கொடுங்கள். அது காயாமலும் குளோரின் நீரில் படாமலும் சில மணி நேரத்துக்குள் புது ஃபில்டருக்குள் போய்விட்டால், காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். வெண்புள்ளி போன்ற நோய் கண்ட தொட்டியிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஸ்பாஞ்சோடு நோயும் குடிபோகும்.

கேள்வியில் உள்ள பட்டியலுக்கு வருகிறேன். தண்ணீர் பழகிய தொட்டியாக இருந்திருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அது துன்பத்தில்தான் முடிந்திருக்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீரை விரும்புவது, 18 முதல் 22 டிகிரி அதற்குப் போதும். ஏஞ்சலுக்கோ 25-க்கு மேல் வேண்டும். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன் என்பதால் அம்மோனியா ஏறுவதற்கும் அதுவே முதற்காரணமாக இருந்திருக்கும். ஏஞ்சல் வளர்ந்தபின் நியான் அதன் வாய்க்குச் சரியான அளவாகிவிடும். ஒருநாள் காலையில் எண்ணிப் பார்த்தால் ஆறு நான்காகி இருக்கும். வீட்டில் உள்ளவர்கள் ஃபில்டருக்குப் பின்னால் தேடிக்கொண்டிருப்பார்கள்.

"ஒரு லிட்டருக்கு இத்தனை சென்டிமீட்டர் மீன்" என்ற வாய்பாட்டையும் கடைகளில் சொல்லக் கேட்கிறேன். 2 செ.மீ. மீன்கள் பத்தும் 20 செ.மீ. மீன் ஒன்றும் நீளக் கணக்கில் சமம்தான். ஆனால் நீளம் பத்து மடங்கானால் உடல் ஏறக்குறைய ஆயிரம் மடங்காகிறது. ஆகவே அந்த ஒற்றை மீன் பத்துச் சிறுமீன்களின் கூட்டு எடையைப் போல நூறு மடங்கு இருக்கும், கழிவும் அதற்கேற்பக் கூடும். சிறு மீன்களுக்குள்ளே மட்டும் இந்த வாய்பாடு ஓரளவு உதவும்.

குணத்தையும் மறக்கக் கூடாது. டைகர் பார்ப் இரண்டை மட்டும் வாங்குபவர், அவை மற்ற மீன்களின் துடுப்புகளைக் கடித்துக் குதறுவதாகப் புகார் சொல்லித் திரும்புவார். எட்டாக வாங்கியிருந்தால் அந்தச் சண்டையைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும், இருந்தும் நீண்ட துடுப்புள்ள மீன்களோடு அவற்றை விடுவது வம்புதான். கப்பியில் ஒரு பெண் மட்டும் போதும் என்பவரிடம், அது கடைத் தொட்டியிலேயே சினையாகி இருக்கும் என்பதையும், ஆண் துணையில்லாமலே சில மாதங்கள் வரை குட்டி போடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். குட்டிகள் வேண்டாதவருக்கு ஆண் கப்பிகளை மட்டும் கொடுக்கலாம். நிறமும் அவற்றுக்குத்தான் அதிகம்.

மறுமொழி (பதிவர்: தனி ஃபைட்டர்)

சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். வாடிக்கையாளர் உங்கள் வாயைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் கடையைப் பார்த்துவிடுகிறார். ஃபைட்டரை உள்ளங்கை அளவுக் குப்பியில் அடுக்கி வைத்திருந்தால், அதற்கு அவ்வளவு இடம் போதும் என்றே எடுத்துக்கொள்வார். அந்த மீன் மேலே வந்து காற்றையும் சுவாசிக்கக்கூடியது என்பதால் குப்பியில் சாகாமல் தாக்குப்பிடிக்கிறது, அவ்வளவுதான். அம்மோனியாவும் குளிரும் அதையும் வருத்தும். நான் 20 லிட்டர் தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் என் மீன் துடுப்பை முழுதாக விரித்ததை முதல்முறையாகப் பார்த்தேன். உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் கண்ணாடி மீன்கள், ஊசி மூலம் சாயம் ஏற்றப்பட்டு வரவில் வந்தால், அவற்றை வாங்கி வைக்க வேண்டாம் என்று உங்கள் முதலாளியிடம் பேசிப் பாருங்கள். அந்தச் சாயம் நாளடைவில் மங்கிவிடும், ஊசி குத்திய காயத்தில் நோயும் தொற்றும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (பதிவர்: கண்ணாடிக்கு இந்தப்பக்கம்)

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஆஸ்கருக்கும் சக்கருக்கும் நாடா ஒட்டியாயிற்று. முதலில் முதலாளி முகம் சுளித்தார். ஆஸ்கர் விற்பனை குறையவும் செய்தது. ஆனால் நாடாவைப் பார்த்துவிட்டு இரண்டடித் தொட்டிக்குப் பதிலாக நாலடித் தொட்டியை ஒருவர் வாங்கிச் சென்றதிலிருந்து அவர் அதைப்பற்றிப் பேசுவதில்லை.

அந்தத் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். தினமும் கால் பங்குத் தண்ணீரை, குளோரின் நீக்கி, வெப்பநிலை பார்த்து மாற்றச் சொன்னேன். கோல்டு ஃபிஷ் இரண்டையும் சக்கரையும் நாங்களே திரும்ப எடுத்துக்கொண்டோம். மிஞ்சிய இரண்டு நியான்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியத்துக்கு வந்து ஒரு வாரம் நிலைத்தபின் அவற்றுக்குத் துணையாக ஆறு நியான்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். நேற்று அவருடைய மகள் புட்டியில் தண்ணீர் எடுத்துவந்து, டெஸ்ட் கிட்டின் நிறம் மாறும் ஐந்து நிமிடமும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மோனியா இல்லை, நைட்ரைட் மட்டும் இன்னும் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.

தனி ஃபைட்டர் எழுதியதைப் படித்தபின் உறுத்திய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்கும் மேசைமேல் ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவையில் அழகுக்காக ஒரு கோல்டு ஃபிஷ் விட்டிருந்தோம். குடுவையில் வளர்க்காதீர்கள் என்று நான் வாடிக்கையாளரிடம் சொல்லும்போதெல்லாம் அது எனக்குப் பக்கத்திலேயேதான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பின்னால் உள்ள பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டேன். குடுவையில் இப்போது மணி பிளாண்ட் வேர்விட்டுக்கொண்டிருக்கிறது.