விதை போட்டுப் பூ விற்க ஆசை: கடலோர மணலில், கரிக்கிற தண்ணீரில் எது தேறும்?

உச்சிப்புளி மணல்காடு:
வணக்கம். உச்சிப்புளிப் பக்கம் ஐம்பது சென்ட் மணல் பூமி இருக்கிறது. ஒரு ஓரத்தில் அம்மா வைத்த மல்லிகை, மிச்சம் சும்மா கிடக்கிறது. கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் மல்லிகை அரும்பு குறைந்து கைச்செலவுக்கே இழுபறி ஆகிவிடுகிறது, அந்த இடைவெளிக்கு விதையில் வந்து ஒரே பருவத்தில் முடிகிற பூவாகப் போடலாம் என்று இருக்கிறேன். வீடியோவில் ஜினியா, ஆஸ்டர், சூரியகாந்தியெல்லாம் தண்டோடு வெட்டிக் கொத்துக் கட்டி விற்கிறார்கள். நம்ம பக்கம் அது போகுமா, இல்லை செண்டுமல்லிதான் கதியா? கிணற்றுத் தண்ணீர் மழைக்காலத்தில் நன்றாக இருக்கும், பங்குனிக்கு மேல் கரிக்கும். பொங்கலுக்குப் பூ கையில் இருக்கவேண்டும் என்றால் எப்போது விதைக்க?

ராம்நாடு பூக்கடை:
தம்பி, நான் வாங்கி விற்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். நம்ம ஊரில் பூ கிலோ கணக்கில்தான் போகும். மாலை கட்டுகிறவர்களுக்கு உதிரிப்பூ வேண்டும், தண்டு வேண்டாம். கல்யாண மேடைக்குத் தண்டுப்பூ தேவைப்பட்டால் ஓசூர், பெங்களூர்ப் பக்கமிருந்து ரோஜாவும் ஜெர்பராவும் பெட்டியில் வந்து இறங்குகிறது, அதோடு முதல் வருடமே போட்டி போடவேண்டாம். செண்டுமல்லியில் மஞ்சளும் ஆரஞ்சும், கூடவே கோழிக்கொண்டை, வாடாமல்லி. இந்த மூன்றும் இருந்தால் மாலைக்கு நிறம் கிடைத்துவிடும். வாடாமல்லி பறித்த மறுநாளும் அப்படியே இருக்கும், விலை விழுந்த நாளில் அதுதான் கைகொடுக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதே. செண்டுமல்லியைப் பனியோடு பறித்துச் சாக்கில் அமுக்கினால் உள்ளே சூடேறி அடிப்பூ கறுத்துவிடும். சாக்கைக் கவிழ்த்தவுடனே தெரியும், அந்த மூட்டைக்கு யாரும் முழு விலை தரமாட்டார்கள். ஈரம் காய்ந்தபிறகு பறி, இல்லாவிட்டால் நிழலில் பரப்பி ஆறவிட்டுக் கட்டு.

தேவிபட்டினம் தோட்டம்:
தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள் தம்பி. செண்டுமல்லி நாற்றங்காலில் 25 நாள், நட்டபிறகு பூக்க 60 நாள். நுனி கிள்ளினால் ஒரு வாரம் பத்து நாள் தள்ளும். ஆகமொத்தம் 95 நாள் வைத்துக்கொண்டால், ஜனவரி முதல் வாரம் பூ எடுக்க அக்டோபர் தொடக்கத்தில் விதை மண்ணில் இருக்கவேண்டும், அதாவது புரட்டாசி பாதி. சிக்கல் என்னவென்றால் நடவு ஐப்பசி மழையில் வந்து விழும். மணலில் தண்ணீர் நிற்காது என்று அசட்டையாக இருக்கவேண்டாம், பாத்தியில் நடாமல், மண்ணை உயரமாக வரப்பு மாதிரிக் குவித்துப் பார் போட்டு அதன் மேலே நடுங்கள், இரண்டு நாள் வேர் தண்ணீரில் நின்றாலே அழுகிவிடும். நாற்றங்காலுக்கு மேலே ஓலைப்பந்தல் கட்டாயம்.

எல்லாவற்றையும் பொங்கலை நம்பி ஒரேயடியாகப் போடாதீர்கள் என்பேன். பாதியை ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் மாசியில் பூக்கும், சிவராத்திரிக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம் இருக்கும், மழையும் விட்டிருக்கும். எனக்கு இந்த இரண்டாவது விதைப்புதான் நம்பிக்கையானது.

கணக்குக்குச் சொல்கிறேன், வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 35 செ.மீ. விட்டால் பத்து சென்டுக்கு ஏறக்குறைய 2,500 செடி. நாற்று வளர்க்கிற 98 குழித் தட்டு என்றால் 26 தட்டு, சாவு போக 28 வைத்துக்கொள்ளுங்கள். நட்ட முப்பதாம் நாள் நுனியைக் கிள்ளுங்கள், அப்போதுதான் பக்கக் கிளை வெடிக்கும். அம்மா மனசு கேட்காமல் வேண்டாம் என்பார்கள், இருந்தாலும் கிள்ளுங்கள்.

வாடைக்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும், கடல் பக்கம் பனையோலை வேலி இல்லாமல் நடவேண்டாம்.

வண்டல் மண்:
தண்ணீர் விஷயத்தை யாரும் தொடவில்லையே. முதலில் கிணற்றுத் தண்ணீரை மண்பரிசோதனை நிலையத்தில் கொடுத்து இ.சி. (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு, dS/m கணக்கில்) பாருங்கள், ராமநாதபுரத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கேயும் யோசனை கேட்கலாம். 2-க்குக் கீழே இருந்தால் இந்த மூன்று பூவுக்கும் பெரிதாகப் பயமில்லை. வளர்ந்த செடி கொஞ்சம் உப்பைத் தாங்கும், முளைக்கிற விதை தாங்காது. அதனால் நாற்றங்காலுக்கு மட்டுமாவது ஊருணித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

நம்ம மணலில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, கீழே உப்பு நிற்கிறது. மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டினால் கீழ்த்தண்ணீர் ஏறி வந்துவிடும். கிணற்றை ஆழப்படுத்தவும் வேண்டாம். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் இறையுங்கள். நடுவதற்கு முன்னால் கண்மாய் வண்டலும் மக்கிய எருவும் தள்ளினால் ஈரம் நிற்கும்.

கோழிக்கொண்டை விதை தண்டுக்கீரை விதை போலவே கறுத்துப் பளபளவென்று பொடியாக இருக்கும், இரண்டும் ஒரே குடும்பம்தான். மணலோடு கலந்து மேலாகத் தூவி லேசாகத் தட்டிவிட்டால் போதும், புதைத்தால் வராது. எறும்பு இழுத்துப் போகும், சுற்றிலும் சாம்பல் போடுங்கள். வாடாமல்லி விதையில் பஞ்சு ஒட்டியிருக்கும். அதை மணலில் கசக்கி, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகும், அதற்குள் கிளறிப் பார்க்கக்கூடாது.

உச்சிப்புளி மணல்காடு:
ரொம்ப நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரு சந்தேகம், அடுத்த வருடத்துக்கு விதையை நானே எடுத்து வைக்கலாமா? செண்டுமல்லி விதை விலை கண்ணைக் கட்டுகிறது.

வண்டல் மண்:
வாடாமல்லி, நாட்டுக் கோழிக்கொண்டை தாராளமாக எடுக்கலாம், நல்ல செடியில் பூவை முற்றவிட்டு நிழலில் காயவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். செண்டுமல்லியில் கம்பெனிக்காரர்கள் விற்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு. அதன் விதையைப் போட்டால் ஒரு செடி உயரம், ஒரு செடி குட்டை, அடுக்கில்லாத ஒற்றைப் பூவும் கலந்து வரும், பூக்கடை அண்ணன் அதை எடுக்கமாட்டார். அதற்கு மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

ராம்நாடு பூக்கடை:
ஆமாம், ஒற்றைப் பூ மாலையில் நிற்காது, கோர்க்கும்போதே இதழ் கொட்டும். அப்புறம் தம்பி, ஜினியா ஆசையை விட்டுவிட வேண்டாம். ஒரு வரிசை மட்டும் நேரடியாக விதைத்துப் பார், பூத்ததும் கொஞ்சம் கொண்டுவந்து கடையில் காட்டு, மேடை அலங்காரம் செய்கிறவர்கள் வரும்போது அவர்களிடம் நானே கேட்கிறேன்.