கொப்பி பண்ணும்போது எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்க் நடுவில நிண்டுபோகுது (டெபியன் 12) – உதவி தேவை

கேள்வி | வெள்ளவத்தை

வணக்கம். டெபியன் 12 லினக்ஸ், கேர்னல் (சிஸ்டத்தின்ட மையம்) 6.1. 2.5 அங்குல 1 டிபி டிஸ்க், யூஎஸ்பி 3.0 என்க்ளோஷருக்குள்ள (டிஸ்கை வைக்கிற வெளிப்பெட்டி) இருக்கு. ஃபோர்மட் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின்ட ஃபைல் சிஸ்டம்). சின்ன ஃபைல்கள் ஒழுங்கா போகுது. பெரிய வீடியோ ஃபோல்டர் எண்டால் நாலைஞ்சு ஜிபி போனதும் வேகம் சைபராகுது, அரை நிமிஷம் கழிச்சு "இன்புட்/அவுட்புட் எரர்". கழட்டித் திரும்பச் செருகினால் எஸ்டிபி எண்டிருந்த டிஸ்கின்ட பெயர் எஸ்டிசி எண்டு மாறி வருது. பழைய விண்டோஸ் 7 மெஷினில ஒரு பிரச்சினையும் இல்லை. ஃபோர்மட் பண்ணிப் பாக்கவா?

பதில் | தெஹிவளை

ஃபோர்மட் பண்ணவேண்டாம் தம்பி. ஃபைல் சிஸ்டம் பழுதெண்டால் டிஸ்க் இப்பிடி எழுத்தே மாறி வராது. பழைய மவுண்ட் (டிஸ்கை ஃபோல்டராத் திறந்து வச்ச இணைப்பு) இன்னும் எஸ்டிபியைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறதாலதான் புதுசா எஸ்டிசி கிடைக்குது. "சூடோ யூமவுண்ட் -எல்" குடுத்து அதை விடுவிச்சுப்போட்டு அடுத்த சோதனைக்குப் போங்கோ.

ஒரு டேர்மினலில "சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ" ஓடவிட்டு, பக்கத்தில கொப்பியைத் தொடங்குங்கோ. (டெபியனில சூடோ இல்லாமல் கேர்னல் லொக் காட்டாது.) நிண்டுபோற நேரத்தில என்ன வரி வருது எண்டதுதான் முக்கியம்:

"யூஎஸ்பி டிஸ்கனெக்ட்" எண்டு வந்து, உடனே புது டிவைஸ் நம்பரோட திரும்பி வந்தால் கரண்ட் காணாது, இல்லாட்டி செருகு லூஸ்.

எரர் -71 எண்டால் சிக்னல் குழம்புது, முதல்ல கேபிளை மாத்துங்கோ. -110 எண்டால் டிவைஸ் நேரத்துக்குப் பதில் சொல்லேல்லை.

"யூஏஎஸ்_ஈஹெச்_அபோர்ட்_ஹேண்ட்லர்" எண்டு வரிசையா வந்து, பிறகு "ரீசெட் சூப்பர்ஸ்பீட்" எண்டு வந்தால் கதை வேற.

"எல்எஸ்யூஎஸ்பி -டி" குடுத்து, அந்த டிஸ்குக்கு நேரே ட்ரைவர் என்ன, வேகம் 5000எம்மா 480எம்மா எண்டதையும் போடுங்கோ.

கேள்வி | வெள்ளவத்தை

மூண்டாவது வகைதான் அண்ணை. அபோர்ட் வரி பத்துப் பதினைஞ்சு, பிறகு ரீசெட், கடைசியில "ரிஜெக்டிங் ஐ/ஓ டு ஒஃப்லைன் டிவைஸ்". டிஸ்கனெக்ட் வரி இல்லை. ட்ரைவர் யூஏஎஸ், வேகம் 5000எம்.

பதில் | தெஹிவளை

அப்ப விஷயம் விளங்குது. என்க்ளோஷருக்குள்ள டிஸ்கின்ட சாட்டா இணைப்பை யூஎஸ்பியா மாத்துற சிப் ஒண்டு இருக்கு. யூஏஎஸ் எண்ட புது யூஎஸ்பி முறையில கேர்னல் ஒரே நேரத்தில பல கட்டளைகளை வரிசையில அனுப்பும். சில சிப்புகளின்ட ஃபேம்வெயார் (சிப்புக்குள்ள இருக்கிற மென்பொருள்) அந்த நெரிசலைத் தாங்காமல் உறைஞ்சுபோகும். கேர்னல் ஒரு கட்டளைக்கு 30 செக்கன் காத்திருந்துபோட்டுத்தான் அபோர்ட் பண்ணும். நீங்கள் சொன்ன அரை நிமிஷம் அதுதான். விண்டோஸ் 7இல யூஏஎஸ் ட்ரைவர் இயல்பா இல்லை, விண்டோஸ் 8இலதான் வந்தது. அதால அங்க பழைய முறையில ஓடி, பழுது வெளியில தெரியேல்லை.

"எல்எஸ்யூஎஸ்பி" குடுத்தால் ஐடிக்குப் பிறகு நாலு எழுத்து, ஒரு கோலன், திரும்ப நாலு எழுத்து இருக்கும். அதைக் குறிச்சுக்கொள்ளுங்கோ. முதல்ல இந்த டிஸ்குக்கு மட்டும் யூஏஎஸ்ஸை நிப்பாட்டித் தற்காலிகமா சோதியுங்கோ: "எக்கோ ஐடி:யு | சூடோ டீ /சிஸ்/மொடியூல்/யூஎஸ்பி_ஸ்டோரேஜ்/பராமீட்டர்ஸ்/குவர்க்ஸ்". ஐடி எண்ட இடத்தில உங்கட எட்டு எழுத்தும் நடுக் கோலனும் வரவேணும், கடைசி "யு" ஆங்கிலச் சின்ன எழுத்து. "சூடோ எக்கோ" எண்டு எழுதி அம்புக்குறி போட்டால் அனுமதி கிடைக்காது, டீதான் வேணும். பிறகு டிஸ்கைக் கழட்டிச் செருகுங்கோ. எல்எஸ்யூஎஸ்பி -டி இப்ப ட்ரைவர் "யூஎஸ்பி-ஸ்டோரேஜ்" எண்டு காட்டவேணும்.

நிக்காமல் ஓடினால் நிரந்தரமாக்கலாம். /ஈடிசி/மொட்ப்ரோப்.டி ஃபோல்டரில .கொன்ஃப் எண்டு முடியிற ஒரு ஃபைலை உருவாக்கி, "ஓப்ஷன்ஸ் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்=ஐடி:யு" எண்ட ஒரேயொரு வரி. அதுக்குப் பிறகு "சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு", ரீபூட். சுத்துற டிஸ்கில வேகம் பெரிசாக் குறையாது. எஸ்எஸ்டி எண்டால் சின்னச் சின்ன ஃபைல்களில வித்தியாசம் தெரியும். அங்க நல்ல என்க்ளோஷர் வாங்கிறதுதான் மரியாதை.

பதில் | கொட்டாஞ்சேனை

ஓட்டோசஸ்பெண்டை ஓஃப் பண்ணச் சொல்லி நிறையப் பேர் எழுதுவினம். அது சும்மா இருக்கிற டிவைஸைத்தான் தூங்கவைக்கும், கொப்பி ஓடிக்கொண்டிருக்கேக்க அதுக்கு வேலையில்லை. அதில நேரத்தைச் செலவழிக்காதேங்கோ.

கரண்ட்டையும் ஒருக்கா பாருங்கோ. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஅம்பியர், 3.0 போர்ட் 900. டிஸ்க் சுத்தத் தொடங்கேக்க 1 அம்பியர் வரைக்கும் இழுக்கலாம். டெஸ்க்டொப் எண்டால் முன் பனலை விட்டு மதர்போர்டில நேரடியா இருக்கிற பின் போர்ட். லப்டொப் எண்டால் தனி அடப்டர் உள்ள ஹப், 5 வோல்ட் 2 அம்பியர் குறைஞ்சது. ஆனால் வீட்டில கரண்ட் போனால் லப்டொப் பட்டரியில ஓடும், ஹப் செத்துப்போகும், எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் நடுவில விழும். ஹப் அடப்டரை யூபிஎஸ்ஸில குத்துங்கோ.

கேபிள் வாங்கிறதெண்டால் புறக்கோட்டையிலயோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலயோ அந்த அகல மைக்ரோ-பி செருகு உள்ளது எண்டு கேளுங்கோ. 30 சென்ரிமீட்டர் போதும், நீளம் கூடினால் தொல்லைதான். கடற்கரைப் பக்க வீடுகளில உப்புக்காத்துக்குச் செருகுகள் கறுத்துப்போகும், அதையும் பாருங்கோ.

கேள்வி | வெள்ளவத்தை

யூஎஸ்பி-ஸ்டோரேஜ் எண்டு மாறி, முழு ஃபோல்டரும் நிக்காமல் போச்சு. நன்றி! ஆனால் லொக்கில இப்ப "வொல்யூம் இஸ் டேர்ட்டி" எண்டு வருது. என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் ஓட்டவா? மற்றது டிஸ்கின்ட நிலையைக் காட்டுற ஸ்மார்ட்சிடிஎல் பாத்தன்: 5ஆம் எண் (மாத்தின செக்டர்கள்) சைபர், 197ஆம் எண் எட்டு, 199ஆம் எண் (இணைப்புப் பிழைகள்) சைபர்.

பதில் | தெஹிவளை

என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் சில சின்னப் பிழைகளைத் திருத்தும், -டி குடுத்தால் டேர்ட்டி அடையாளத்தை அழிக்கும், அவ்வளவுதான். முழுச் சோதனைக்கு விண்டோஸில செக்டிஸ்க் /எஃப். ஆனால் அதை இப்ப செய்யாதேங்கோ.

197 எண்டது வாசிக்கக் கஷ்டப்படுற, இன்னும் தீர்ப்பு வராத செக்டர்கள் (டிஸ்கின்ட சின்னத் துண்டுகள்). அது எட்டு எண்டால் செக்டிஸ்குக்கு முதல் தரவை வெளியில எடுக்கவேணும், ஏனெண்டா அது டிஸ்கில எழுதும். 199 சைபர், அதால சிப்புக்கும் டிஸ்குக்கும் இடையிலான சாட்டா இணைப்பில குறையில்லை. டிஸ்கை மவுண்ட் பண்ணாமல், அதே அளவோ பெரிசோ உள்ள வேறொரு டிஸ்குக்கு ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூவால (பழுதான டிஸ்கைக் கொப்பி எடுக்கிற ப்ரோக்ராம்) இமேஜ், அதாவது முழுக் கொப்பி, எடுங்கோ. மப் ஃபைல் (எவ்வளவு வாசிச்சாச்சு எண்ட குறிப்பு) கட்டாயம் குடுங்கோ, நடுவில நிண்டாலும் விட்ட இடத்தில இருந்து தொடரும். முதல் ஓட்டம் -என் ஓட, கஷ்டமான இடங்களை விட்டுப்போட்டு ஓடும். ரெண்டாவது ஓட்டம் -ஆர்3, விட்ட இடங்களை மூண்டு தரம் திரும்ப முயற்சிக்கும். செக்டிஸ்க் ஓட்டிறதெண்டால் அந்தக் கொப்பியில ஓட்டுங்கோ, மூல டிஸ்கில இல்லை.