மூணு சர்வர், ப்ராக்ஸ்மாக்ஸ்: செஃப் போடலாமா? நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது?

சர்வர்வாசி:

வணக்கம். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ 7-ல் ஓடும் மூன்று சர்வர்களை ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ-க்கு மாற்ற வேண்டும் (இரண்டுமே ஒரு சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்). 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய சந்தா விலையை நிர்வாகம் ஏற்கவில்லை.

ஒரு சர்வரில் உள்ளவை: 16 கோர் சிபியு இரண்டு, 384 ஜிபி ரேம், 10ஜி போர்ட் நான்கு, 1ஜி போர்ட் இரண்டு, ஒரு ரெய்டு கார்டு. பூட் ஆவது எஸ்டி கார்டிலிருந்து. விஎம்கள் எல்லாம் ஒரு நாஸ் (நெட்வொர்க் சேமிப்பு) பெட்டியில், என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு வழியாக. அதில் இன்னும் 14 டிபி காலி. சர்வருக்கு ஆறு வீதம் 3.84 டிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்க ஒப்புதல் கிடைத்திருக்கிறது. மொத்தம் 42 விஎம், பாதி விண்டோஸ். ஒதுக்கீடு 560 ஜிபி ரேம், 230 விசிபியு, 11 டிபி டேட்டா.

செஃப் (மூன்று சர்வரின் டிஸ்குகளையும் ஒரே பொதுச் சேமிப்பாக்கும் மென்பொருள்) போடலாமா, இல்லை ஒவ்வொன்றிலும் இசட்எஃப்எஸ் கோப்பு முறை போட்டு, அவ்வப்போது நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் வைத்தால் போதுமா? நெட்வொர்க்கை எப்படிப் பிரிப்பது? கூடுதல் சர்வர் இல்லாமல் மாற்றம் செய்ய எந்த வரிசையில் போக வேண்டும்? எச்ஏ, அதாவது ஒரு சர்வர் செத்தால் அதன் விஎம்கள் வேறு சர்வரில் தானாகக் கிளம்பும் வசதி, கட்டாயம் வேண்டும்.

டிஸ்க்தாசன்:

போடலாம், ஆனால் எஸ்எஸ்டி ஆர்டர் போகும் முன் மாடலைப் பாருங்கள். மின் இழப்புப் பாதுகாப்பு, அதாவது பிஎல்பி கெபாசிட்டர் உள்ள டேட்டாசென்டர் ரகமாக இருக்க வேண்டும். செஃப் ஒவ்வொரு எழுதலையும் டிஸ்கில் உறுதியாக இறங்கிய பிறகுதான் 'முடிந்தது' என்று சொல்லும். பிஎல்பி இருக்கும் டிஸ்க், கேஷில் விழுந்ததுமே தைரியமாக ஓகே சொல்லலாம். இல்லாதது ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ் வரை போய்த் திரும்ப வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம் அங்கே ஒன்றுக்கும் உதவாது. வந்ததும் ஒரு டிஸ்கில் எஃப்ஐஓ என்ற வேகச் சோதனைக் கருவியை ஓட்டுங்கள்: 4கே பிளாக், சிங்க் ரைட், கியூ டெப்த் 1. விநாடிக்குச் சில நூறு செயல்கள் (ஐஓபிஎஸ்) மட்டும்தான் வருகிறது என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

ரெய்டு கார்டை எச்பிஏ மோடுக்கு, அதாவது டிஸ்குகளை அப்படியே ஓஎஸ்ஸுக்குக் காட்டும் நிலைக்கு, மாற்றுங்கள். பெர்க் எச்730 போன்றவற்றில் அந்த வசதி உண்டு. கார்டில் இல்லை என்றால் ஒரு எச்பிஏ கார்டு வாங்குவதே மேல். டிஸ்குக்கு ஒரு ரெய்டு-0 என்று உருவாக்கி ஏமாற்றும் வேலை வேண்டாம். டிஸ்கின் உடல்நிலை சொல்லும் ஸ்மார்ட் தகவல் மறைந்துபோகும், கார்டின் கேஷ் நடுவில் புகுந்துகொள்ளும், ஒரு டிஸ்கை மாற்றவே சர்வரை ரீபூட் செய்து கார்டு மெனுவுக்குள் போக வேண்டியிருக்கும்.

எஸ்டி கார்டு பூட்டை விட்டுவிடுங்கள். ஈஎஸ்எக்ஸ்ஐ பெரும்பாலும் நினைவகத்தில் ஓடியது, அதனால் தாக்குப்பிடித்தது. ப்ராக்ஸ்மாக்ஸ் முழு டெபியன் லினக்ஸ். லாக், க்ளஸ்டர் (சேர்ந்து இயங்கும் சர்வர் கூட்டம்) கான்ஃபிக் டேட்டாபேஸ் என்று எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும். 240 அல்லது 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டை மிரராக வையுங்கள்.

இப்போது கொள்ளளவு. மூன்று நோடு (க்ளஸ்டரில் உள்ள சர்வர்), மூன்று நகல் என்றால் ஒவ்வொரு நோடிலும் எல்லா டேட்டாவின் ஒரு நகல் இருக்கும். ஆகவே பயன்படுத்தக்கூடியது ஒரு நோடின் அளவுதான்: 6 × 3.84 = 23 டிபி. அதையும் முழுக்க நிரப்ப முடியாது. ஒரு டிஸ்க் செத்தால் அதன் பங்கு வேறு நோடுக்குப் போக வழியில்லை, அங்கே ஏற்கெனவே ஒரு நகல் இருக்கிறது. அதே நோடின் மீதி ஐந்து டிஸ்கும்தான் சுமக்க வேண்டும். 70 சதவீதம் நிரம்பியிருந்தால் ஐந்தும் 84-க்கு ஏறும். 85-ல் எச்சரிக்கை, 90-ல் பேக்ஃபில் (நகல்களை இடம் மாற்றி நிரப்புவது) நிற்கும், 95-ல் எழுதுவதே நின்றுபோகும். டிஸ்குகள் ஒரே சீராக நிரம்புவதும் இல்லை. 65 சதவீதம், சுமார் 15 டிபியை எல்லையாக வையுங்கள். உங்கள் 11 டிபி தாராளமாக அடங்கும்.

ரேம் கணக்கை இரண்டு நோடுக்குப் போடுங்கள், மூன்றுக்கு அல்ல; ஒன்று செத்த நாளிலும் எல்லாம் ஓட வேண்டும். ஓஎஸ்டி (ஒரு டிஸ்கைக் கவனிக்கும் செஃப் சேவை) ஒன்றுக்கு 4 ஜிபி இயல்பு இலக்கு, ஆறுக்கு 24. ரெகவரி நேரத்தில் அதைத் தாண்டும். பூட் மிரர் இசட்எஃப்எஸ் என்றால் ஏஆர்சி என்ற அதன் ரேம் கேஷ், புதிய நிறுவலில் அதிகபட்சம் 16. செஃபின் மானிட்டர், மேனேஜர் சேவைகள், ஓஎஸ் எல்லாம் சேர்த்து நோடுக்கு 64 ஜிபி ஒதுக்கிவிட்டால் மீதி 320. இரண்டு நோடில் 640. உங்கள் 560 உள்ளே நிற்கிறது. இன்னும் பத்துப் பெரிய விஎம் வந்தால் நிற்காது, இப்போதே மேலே சொல்லி வையுங்கள்.

நெட்கேபிள்:

நெட்வொர்க் பக்கம். முதல் வேலை கோரோசிங்க், அதாவது நோடுகள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் சேவை. அதற்கு அலைவரிசை தேவையில்லை, 1ஜி ஏராளம், தேவை தாமதமின்மை. நோடுகளுக்கு இடையே 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். செஃப் ஓடும் கேபிளிலேயே அதையும் விட்டால், ஒரு டிஸ்க் செத்து ரெகவரி தொடங்கும் நாளில் லிங்க் நிரம்பி, கோரோசிங்க் பாக்கெட்டுகள் தாமதமாகி, நன்றாக இருக்கும் நோடே க்ளஸ்டரிலிருந்து விழும்.

நான் பிரிப்பது இப்படி. முதல் 1ஜி போர்ட் கோரோசிங்குக்கு மட்டும், தனி ஸ்விட்சில். இரண்டாவது 1ஜி மேனேஜ்மென்ட்டுக்கு, வேறு ஸ்விட்சில். கோரோசிங்கின் இரண்டாவது லிங்க்காக இதையும் சேர்த்துவிடுங்கள். இரண்டையும் பாண்ட் போட (ஒரே லிங்க்காகக் கட்ட) வேண்டாம், லிங்க் மாறுவதை கோரோசிங்க் தானே பார்த்துக்கொள்ளும். இரண்டு 10ஜி செஃபுக்கு, மீதி இரண்டு, விஎம்களை நெட்வொர்க்கில் இணைக்கும் பிரிட்ஜுக்கும், ஓடும் விஎம்மை வேறு நோடுக்கு நகர்த்தும் லைவ் மைக்ரேஷனுக்கும். பிரிட்ஜில் விலேன் (ஒரே கேபிளில் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்) அவேர் டிக் செய்தால் விலேனுக்கு ஒரு பிரிட்ஜ் உருவாக்கும் தொல்லை இல்லை.

எல்ஏசிபி (இரு பக்கமும் பேசி லிங்க்குகளைச் சேர்க்கும் முறை) பாண்டை இரண்டு ஸ்விட்சுக்குப் பிரித்துப் போட, ஸ்விட்சுகளில் இரண்டையும் ஒன்றுபோலக் காட்டும் எம்லேக் அல்லது ஸ்டாக்கிங் இருக்க வேண்டும். இல்லையென்றால், ஒரு லிங்க் விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும் ஆக்டிவ்-பேக்கப் போதும். எல்ஏசிபி ரேட்டை இரு பக்கமும் ஃபாஸ்ட் என்று வையுங்கள். இயல்பான ஸ்லோவில், லைட் எரிந்தபடியே செத்த லிங்க்கைக் கண்டுபிடிக்க 90 விநாடி வரை ஆகலாம்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 வைப்பதாக இருந்தால் நோடு, பாண்ட், ஸ்விட்ச் போர்ட் எல்லாவற்றிலும் வைக்க வேண்டும். ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் சாதாரண பிங் போகும், எஸ்எஸ்எச் போகும், ஆனால் ஓஎஸ்டிகள் மட்டும் விழுந்து எழுந்து விழும். 8972 பைட், துண்டாக்கக் கூடாது என்ற ஃபிளாகோடு பிங் அடித்துப் பாருங்கள்.

ஒரு யோசனை: பட்ஜெட்டில் இடம் இருந்தால் நோடுக்கு ஒரு இரட்டை போர்ட் 25ஜி கார்டும், மொத்தம் மூன்று டேக் கேபிளும் (இரு முனையிலும் இணைப்பி பொருத்தி வரும் செம்புக் கேபிள்) வாங்குங்கள். ஒவ்வொரு நோடும் மற்ற இரண்டுக்கும் நேரடி இணைப்பு, செஃபுக்கு ஸ்விட்சே வேண்டாம். ஆறு சாட்டா எஸ்எஸ்டி சேர்ந்தால் 10ஜியை எளிதில் நிரப்பிவிடும், அதனால் பலன் கண்ணுக்குத் தெரியும். நான்காவது நோடு வரும்போது மட்டும் இந்த அமைப்பைக் கலைத்து ஸ்விட்சுக்குப் போக வேண்டும்.

பழையகன்சோல்:

மூன்று நோடுக்கு செஃப் அவசியமா என்று கேட்பேன். இசட்எஃப்எஸ் ரெப்ளிகேஷன் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, வேண்டுமானால் 1 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும். டேட்டாபேஸ் கமிட் ஒவ்வொன்றும் நெட்வொர்க்கைத் தாண்டிப் போய் வர வேண்டியதில்லை. ஒரு நோடு தனியாக நின்றாலும் அதன் டேட்டா அதனிடமே இருக்கும். செஃப் கோளாறு இரவில் வந்தால் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

டிஸ்க்தாசன்:

ஆள் பற்றிச் சொன்னது சரி, கமிட் வேகமும் சரி. ஆனால் ஒரு நோடு செத்தால் கடைசி ரெப்ளிகேஷனுக்குப் பிறகு எழுதியதெல்லாம் போய்விடும். கணக்கு வழக்கு ஓடும் விஎம்மில் ஒரு நிமிட இழப்பையும் யார் ஏற்பார்கள்? இடமும் மிச்சமாகாது: உள்ளே மிரர், வெளியே ஒரு நகல் என்றால் மொத்தம் நான்கு நகல், 69 டிபியில் 17தான் மிஞ்சும். எச்ஏ கட்டாயம் என்று கேட்டதால் என் ஓட்டு செஃபுக்கு. சர்வர் இரண்டே இருந்திருந்தால் நீங்கள் சொல்வதையே நானும் சொல்லியிருப்பேன்.

சர்வர்வாசி:

நன்றி. சோதனைக்கு மூன்று பழைய டெஸ்க்டாப்பில் க்ளஸ்டர் போட்டு, ஒரே ஸ்விட்சில் இணைத்து எச்ஏ இயக்கினோம். ஃபர்ம்வேர் ஏற்ற ஸ்விட்சை ரீஸ்டார்ட் செய்ததும் மூன்று நோடுமே தானாக ரீபூட் ஆகிவிட்டன. மின்சாரம் போகவில்லை. லாகில் கர்னல் பேனிக்கும் (ஓஎஸ் முடங்கிய பதிவு) இல்லை. ஏன்?

நெட்கேபிள்:

அது அப்படித்தான் செய்யும், கோளாறு இல்லை. மூன்று ஓட்டில் இரண்டு சேர்ந்தால்தான் கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை. ஸ்விட்ச் போனதும் ஒவ்வொரு நோடும் ஒரே ஓட்டோடு தனித்து நின்றது. மற்ற இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா என்று எதற்கும் தெரியாது. தன்னிடம் உள்ள விஎம்மை வேறு நோடு கிளப்பிவிட்டால் ஒரே டிஸ்கில் இரண்டு பேர் எழுதிவிடுவார்கள், அதனால் எச்ஏ விஎம் ஓடும் நோடு தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். வாட்ச்டாக் என்ற காவல் டைமர் 60 விநாடி எண்ணி முடித்ததும் ரீபூட். அதனால்தான் பேனிக் பதிவு இல்லை. எச்ஏ விஎம் இல்லாத நோடு ரீபூட் ஆகாது, கான்ஃபிக் அடைவு மட்டும் படிக்க-மட்டும் நிலைக்குப் போகும்.

இரண்டு லிங்க், இரண்டு வெவ்வேறு ஸ்விட்ச் என்று சொன்னது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே ஸ்டாக்கில் செருகினால் ஸ்டாக் ரீஸ்டார்ட் ஆகும் அன்று இதே கதை. தவிர்க்க முடியாத பராமரிப்பு என்றால் முதலில் எல்லா நோடிலும் எச்ஏ எல்ஆர்எம் (அந்தந்த நோடின் எச்ஏவைக் கவனிக்கும்) சேவையை நிறுத்துங்கள். எல்லாவற்றிலும் நின்ற பிறகே சிஆர்எம் (க்ளஸ்டர் முழுவதன் எச்ஏவைக் கவனிக்கும் சேவை). விஎம்கள் ஓடிக்கொண்டே இருக்கும், வாட்ச்டாக் மட்டும் விலகும். வேலை முடிந்து கோரம் திரும்பியதும் மறுபடி கிளப்புங்கள்.

கோரம் இல்லாத நோடில் எதிர்பார்க்கும் ஓட்டை 1 ஆக்கிவிடச் சொல்லி இணையத்தில் நிறையப் பேர் எழுதியிருப்பார்கள். மற்ற இரண்டு நோடும் அணைந்திருப்பதைக் கண்ணால் பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

எச்ஏ பற்றி நிர்வாகத்திடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: நோடு செத்தால் விஎம் வேறு நோடில் புதிதாக பூட் ஆகும், தொடர்ந்து ஓடாது. கண்டுபிடிக்கவே சுமார் 2 நிமிடம், அதற்குமேல் பூட் நேரம்.

பழையகன்சோல்:

மாற்றும் வரிசையை யாரும் தொடவில்லை. நாஸ் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 560 ஜிபி இரண்டு ஈஎஸ்எக்ஸ்ஐயில் அடங்கும், எனவே ஒன்றைக் காலி செய்து ப்ராக்ஸ்மாக்ஸ் ஏற்றுங்கள். நாஸில் அதற்குத் தனி என்எஃப்எஸ் ஷேர். பாதி விஎம்களை அங்கே கியூகவ்2 என்ற டிஸ்க் கோப்பு வடிவில் இம்போர்ட் செய்தால் மீதி 280 ஜிபி ஒரே ஈஎஸ்எக்ஸ்ஐயில் நிற்கும்; இரண்டாவது சர்வர் காலி. க்ளஸ்டரை முதல் நோடில் உருவாக்கி, இரண்டாவதைச் சேருங்கள். சேரும் நோடில் ஒரு விஎம்கூட இருக்கக் கூடாது, அதனால் இந்த வரிசை மாறவே கூடாது. சேர்த்த பிறகு ஹோஸ்ட்நேமை மாற்றுவதும் பெரும்பாடு, பெயரை முன்பே முடிவு செய்யுங்கள்.

இரண்டு நோடாக இருக்கும் காலத்தில் ஒன்று விழுந்தால் மற்றதுக்கும் கோரம் போகும். ஏதாவது ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியில் கியூடிவைஸ் வைத்து மூன்றாவது ஓட்டு கொடுங்கள். மூன்றாவது நோடு வந்ததும் அதை எடுத்துவிடுங்கள். பிறகு செஃப் அமைத்து, விஎம் ஓட ஓடவே டிஸ்கை நாஸிலிருந்து செஃபுக்கு நகர்த்தலாம்.

இம்போர்ட் விசார்ட் ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-லிருந்து இருக்கிறது. விசென்டர் (விஎம்வேரின் மைய நிர்வாகச் சர்வர்) முகவரியைக் கொடுக்காதீர்கள், ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டையே நேராகக் கொடுங்கள்; வேகத்தில் பல மடங்கு வித்தியாசம். முன்னதாக ஸ்னாப்ஷாட்டுகளை அழித்துவிட வேண்டும். விஎம்வேர் டூல்ஸையும் அங்கேயே நீக்குங்கள், இங்கே வந்தபின் விண்டோஸில் அது அடம்பிடிக்கும். லைவ் இம்போர்ட் என்று ஒரு டிக் இருக்கும், டேட்டா வந்துகொண்டிருக்கும்போதே விஎம்மைக் கிளப்பிவிடும். நேரம் மிச்சமாகும்தான், ஆனால் நடுவில் அறுந்தால் அதுவரை விஎம் எழுதியது போச்சு. முக்கியமானவற்றை அணைத்துவிட்டே நகர்த்துங்கள்.

விண்டோஸை நேராக விர்ட்ஐஓ ஸ்கசி என்ற மெய்நிகர் டிஸ்க் கன்ட்ரோலரில் பூட் செய்தால் பூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று நீலத்திரை வரும். முதலில் சாட்டாவாக மாட்டி பூட் செய்யுங்கள். கூடவே 1 ஜிபி வெற்று டிஸ்க் ஒன்றை ஸ்கசியில் சேர்த்து, விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவிலிருந்து டிரைவரை நிறுவி, அணைத்து, பூட் டிஸ்கை ஸ்கசிக்கு மாற்றி, பூட் வரிசையைத் திருத்துங்கள். கடைசிப் படிதான் எல்லோரும் மறப்பது. நிலையான ஐபியைக் குறித்து வையுங்கள், புதிய நெட்வொர்க் கார்டாகத்தான் வரும். பிட்லாக்கர் (டிஸ்க் மறைகுறியாக்கம்) இருந்தால் முன்பே சஸ்பெண்ட் செய்யுங்கள். விடிபிஎம் (அதன் சாவியைக் காக்கும் மெய்நிகர் சிப்) நிலை உடன் வராது. லினக்ஸில் கார்டின் பெயர் மாறும், ஈஎன்எஸ்192 என்று எழுதிய இடமெல்லாம் திருத்த வேண்டும். ரெட் ஹேட் வகையில் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கக் கோப்பு) விர்ட்ஐஓ டிரைவர் இருக்காது, ஈஎஸ்எக்ஸ்ஐயில் இருக்கும்போதே அதை உருவாக்கும் டிராகட்டை நோ-ஹோஸ்ட்ஒன்லியில் (எல்லா டிரைவரும் சேரும்படி) ஓட்டிவிடுங்கள்.

விஎம்மின் சிபியு வகையை ஹோஸ்ட் (சர்வரின் சிபியுவையே அப்படியே காட்டுவது) என்று வைக்க ஆசை வரும். மூன்று சர்வரும் ஒரே தலைமுறையாக இல்லாவிட்டால் லைவ் மைக்ரேஷனில் விஎம் உறைந்துபோகலாம். இயல்பாக வரும் வி2-ஏஇஎஸ் வகை போதும்.

டிஸ்க்தாசன்:

பேக்கப் விட்டுப்போயிற்று. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரை இதே க்ளஸ்டரில் ஒரு விஎம்மாக வைக்காதீர்கள். செஃப் போனால் பேக்கப்பும் சேர்ந்து போகும். காலியாகும் நாஸை அப்படியே என்எஃப்எஸ்ஸில் கொடுத்தால் ஓடும், ஆனால் கார்பேஜ் கலெக்ஷன் (பயனற்ற துண்டுகளை நீக்கும் வேலை) லட்சக்கணக்கான சின்னக் கோப்புகளைத் தொட வேண்டும், மெதுவாக இருக்கும். ஒரு தனி இயந்திரத்தில் உள்ளூர் டிஸ்க் வைத்து, நாஸை இரண்டாவது பிரதிக்கு விடுங்கள். பழைய பேக்கப்பை ப்ரூன் செய்ததும் (பட்டியலிலிருந்து நீக்கியதும்) இடம் திரும்பாது, கலெக்ஷன் ஓட வேண்டும். அதுவும் இயல்பாக 24 மணி நேரத்துக்குள் தொட்ட துண்டுகளை விட்டுவிடும். டிஸ்க் நிரம்பிய பிறகு பதறிப் பயனில்லை.

பேக்கப் ஓடும்போது விஎம் திணறினால், பழைய பிளாக்குகளைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஃப்ளீசிங்கை செஃப் மேல் இயக்குங்கள். இல்லாவிட்டால் விஎம் ஒரு பிளாக்கை மேலெழுதும் முன் அதன் பழைய நகல் பேக்கப் சர்வரில் போய்ச் சேரும்வரை காத்திருக்கும். விஎம்முக்குள் ஓடி ப்ராக்ஸ்மாக்ஸோடு பேசும் கெஸ்ட் ஏஜென்ட்டை எல்லா விஎம்மிலும் நிறுவுங்கள்.

சர்வர்வாசி:

25ஜி கார்டு மூன்றுக்கும் டேக் கேபிளுக்கும் விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். எஸ்எஸ்டி மாடல் எண்ணை நாளை இங்கேயே போடுகிறேன், பிஎல்பி உள்ளதா என்று ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.